தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேடு

'சுகர் லோஃப்' என்று இணையத்தில் தேடினால் பிரேசிலின் ரியோ நகரத்து மலைதான் முதலில் வரும். கேபிள் கார், கடற்கரை, சூரிய அஸ்தமனம். நான் சொல்ல வரும் சுகர் லோஃப் ஜப்பானின் தெற்குக் கோடியில், ஒகினாவாத் தீவின் தலைநகரான நாஹாவுக்குள் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 52 மீட்டர். ஜப்பானியப் படை அதை 'அசாதோ 52 மேடு' என்று குறித்து வைத்திருந்தது. சுற்றியுள்ள தரையிலிருந்து அளந்தால் 15, 20 மீட்டர் தேறும். நீளம் 300 கஜத்துக்குள். நம்மூரில் இதை மலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கரடு என்று சொல்வதற்கே யோசிப்பார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 மே மாதம் இந்த மேட்டையும் இதன் பக்கத்திலிருந்த இரண்டு மேடுகளையும் பிடிப்பதற்காக, கடல்வழியாக இறங்கிச் சண்டையிடும் அமெரிக்க மரைன் படையின் ஆறாவது டிவிஷனில் 2,662 பேர் செத்தோ காயப்பட்டோ போனார்கள். அதற்கு மேல் 1,289 பேர், உடம்பில் குண்டு படாமலேயே, மனம் கலங்கி இனி சண்டையிட முடியாது என்று பின்னால் அனுப்பப்பட்டார்கள். ஒரு வாரச் சண்டை அது.

நான் சரித்திரம் படித்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்த சிவில் என்ஜினியர். வீட்டுக்காரரின் ஆராய்ச்சி வேலைக்காக ஒகினாவா வந்து சேர்ந்தோம். நாஹாவில் ஓடும் மோனோரயிலில் ஓமோரோமாச்சி நிலையத்தை நெருங்கும்போது ஒரு பச்சை மேடும் அதன் தலையில் ஒரு வெள்ளைத் தொட்டியும் தெரியும். வேறு யாராவது பக்கத்திலிருக்கும் வரியில்லாக் கடையைப் பார்ப்பார்கள். என் கண் தொட்டிக்குத்தான் போகும். நகரத்தில் உயரமான இடம் பார்த்துத் தொட்டியை வைத்துவிட்டால் பம்ப் இல்லாமலேயே தண்ணீர் கீழே இறங்கும். நல்ல இடமாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த உயரத்தின் மேல் இதற்கு முன் யாருக்கெல்லாம் கண் இருந்தது என்பது ஜப்பானிய மொழி வகுப்பு எடுக்கும் சென்செய் சொல்லித்தான் தெரிந்தது. "அங்கேயா? அது சுகர் லோஃப் ஆச்சே" என்றார், ஏதோ பஸ் ஸ்டாப் பெயரைச் சொல்வதுபோல.

அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு கேள்விதான் பெரிதாகிக்கொண்டே போனது. இவ்வளவு சின்ன மேட்டில் அப்படி என்ன இருந்தது?

முதலில் பெரிய படம். அமெரிக்கப் படை ஏப்ரல் 1 அன்று தீவின் மேற்குக் கரையில் இறங்கியது. கரையில் எதிர்ப்பே இல்லை. ஜப்பானின் 32வது படை, ஜெனரல் உஷிஜிமா மித்சுருவின் தலைமையில், வேண்டுமென்றே கரையை விட்டுக்கொடுத்துவிட்டு, தெற்கே ஷூரி கோட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டி உட்கார்ந்திருந்தது. ஷூரி என்பது ஒகினாவாவை ஆண்ட பழைய ரியூக்யூ அரசர்களின் தலைநகரம். அதன் இரண்டு பக்கமும் கடல்வரை நீளும் மேடுகளையெல்லாம் இணைத்து ஒரே அரணாக்கியிருந்தார்கள். திட்டம் கர்னல் யஹாரா ஹிரோமிச்சியுடையது. ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அமெரிக்கர்களை எத்தனை நாள் இழுத்தடிக்க முடியுமோ அத்தனை நாள் இழுத்தடித்தால், ஜப்பானின் மற்றத் தீவுகள் தயாராக அவகாசம் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. அந்த அவகாசத்துக்கு விலை கொடுக்கப்போவது யார் என்பது கணக்கில் எங்கும் வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்கத் தரப்பில் ஜெனரல் பக்னர். தெற்கில் இன்னொரு இடத்தில் கடல்வழியாக இறங்கி ஷூரியைப் பின்னாலிருந்து தாக்கலாம் என்று அவருக்குக் கீழிருந்தவர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார், நேராக முட்டுவோம் என்றார். மரைன் அதிகாரிகள் இதை வெகுகாலம் மன்னிக்கவில்லை. பக்னரிடம் பதில் கேட்கவும் முடியாது, ஜூன் 18 அன்று பீரங்கி வீச்சில் செத்துப்போனார். சரி, அப்படி நேராக முட்டியபோது மேற்குக் கோடியில், கடற்கரைப் பக்கம், ஆறாவது மரைன் டிவிஷன் வந்து நின்ற இடம்தான் இந்த மேடு. இதைத் தாண்டினால் அன்றைய நாஹா நகரம். நாஹாவைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் ஷூரியின் விலா.

இனி மேட்டின் வேலை. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், பிடித்த என்று சொல்வது கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும்.

ஒரு முக்கோணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கு முனையில் சுகர் லோஃப். தென்கிழக்கில் ஹாஃப் மூன், அதாவது அரைநிலா மேடு. தென்மேற்கில் ஹார்ஸ்ஷூ, குதிரை லாட மேடு. வடக்கிலிருந்து வருகிற மரைன்களுக்கு முதலில் சுகர் லோஃப்தான் எதிர்ப்படும். அதன் முன்னால் மறைவே இல்லாத வெட்டவெளி. அதில் நடந்து வருபவனை மூன்று மேடுகளிலிருந்தும் சுடலாம். சரி, எப்படியோ ஏறிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் நின்றால் அரைநிலாவிலிருந்து இயந்திரத் துப்பாக்கி, லாடத்தின் குழிவிலிருந்து மார்ட்டர், கிழக்கே ஷூரியின் உயரத்திலிருந்து பீரங்கி. ஒன்றைப் பிடித்தால் மற்ற இரண்டும் அடிக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க ஆள் போதாது.

இதற்கும் மேல் ஒரு சாமர்த்தியம் உண்டு. ஜப்பானியர்கள் மேட்டின் முகத்தில் அதிகம் இல்லை, முதுகில் இருந்தார்கள். தெற்குச் சரிவில், அமெரிக்கப் பீரங்கியின் நேர்க்கோட்டில் படாத பக்கத்தில், சுரங்க வாய்கள். குண்டு மழை பெய்யும்போது உள்ளே போய்விடுவார்கள். மழை நின்று எதிரி உச்சியில் தலை காட்டியதும் வெளியே வந்து, கை எட்டும் தூரத்திலிருந்து கையெறிகுண்டை மேலே வீசுவார்கள். முன்பக்கம் எத்தனை டன் வெடிமருந்தைக் கொட்டினாலும் பின்பக்கம் அப்படியே இருக்கும். பவளச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வாழத் தெரிந்தவர்களுக்கு ஒகினாவாவின் தென்பகுதி தோதான மண். அங்கே இயற்கைக் குகைகளுக்கும் பஞ்சமில்லை.

உள்ளே இருந்தது பெரும்பாலும் 15வது தனிக்கலப்புப் படைப்பிரிவு, தளபதி கர்னல் மித்தா. இவர்கள் வந்து சேர்ந்த கதையே தனி. 1944 ஜூன் கடைசியில் இவர்களின் தாய்ப் பிரிகேடை ஏற்றிவந்த டோயாமா மாரு என்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. 5,000 பேருக்கு மேல் கடலில் போனார்கள். அந்தப் பள்ளத்தை நிரப்ப இந்தப் பிரிவை விமானத்தில் அவசரமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். மூழ்கிய கப்பலுக்கு மாற்றாக வந்தவர்கள் இந்த மேட்டின் முதுகில் முடிந்தார்கள்.

மே 12 அன்று முதல் பெரிய மோதல். 22வது மரைன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி, டாங்கிகளோடு, இது இன்னொரு சாதாரண மேடு என்று நினைத்து முன்னேறியது. உச்சிவரை போனார்கள், நிற்க முடியாமல் இறங்கினார்கள். சாயங்காலம் அந்தக் கம்பெனியில் நிற்கக்கூடிய நிலையில் 75 பேர். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே. ஏறுவது, இழப்பது, இறங்குவது.

மே 14 இரவு மேஜர் ஹென்றி கோர்ட்னி என்பவர் வேறு மாதிரி யோசித்தார். மினசோட்டாவின் டுலூத் ஊர்க்காரர், சட்டம் படித்தவர், வயது 29. அடிவாரத்தில் ஒட்டிக்கொண்டு விடியும்வரை காத்திருந்தால் எல்லோரும் சாவார்கள், அதற்கு இருட்டிலேயே மேலே போய்விடலாம் என்பது அவருடைய வாதம். மேலிடத்தில் சொல்லி அனுமதி வாங்கினார். நாற்பது சொச்சம் ஆட்களைக் கேட்டார், யாரும் பின்வாங்கவில்லை. சுமக்க முடிந்த அளவு கையெறிகுண்டுகளைச் சுமந்துகொண்டு ஏறினார்கள், வழியிலிருந்த குகை வாய்களில் வீசிக்கொண்டே. உச்சியைப் பிடித்தும் விட்டார்கள். பின்சரிவில் எதிரிகள் திரள்வதைப் பார்த்து அங்கேயும் இறங்கி அடித்தார் கோர்ட்னி. பிறகு ஒரு மார்ட்டர் குண்டுச் சிதறல். அவர் சாகும்போது மேடு அமெரிக்கர்களிடம் இருந்தது, காலையில் இல்லை. செத்த பிறகு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தார்கள்.

அதே மேட்டின் மேற்குச் சரிவில் ஒரு குண்டுக்குழிக்குள் ஜேம்ஸ் டே என்ற 19 வயதுக் கார்ப்பொரல் ஒருவன், கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாக, மூன்று இரவும் பகலும் அசையாமல் இருந்தான். பிற்பாடு அந்தக் குழியைச் சுற்றிக் கிடந்த எதிரி உடல்கள் நூற்றுக்கு மேல். அவனுக்கும் அதே பதக்கத்துக்குப் பரிந்துரை எழுதப்பட்டு, சண்டைக் குழப்பத்தில் காகிதம் எங்கோ போய்விட்டது. அவர் (இனி 'அவர்' என்றுதான் எழுத வேண்டும்) படையிலேயே தொடர்ந்து, மேஜர் ஜெனரலாகி, எண்பதுகளில் இதே ஒகினாவாவில் மரைன் தளங்களுக்குத் தலைவராகவும் வந்தார். பதக்கம் 1998 ஜனவரியில், கிளின்டன் கையால் கிடைத்தது. அந்த வருஷம் அக்டோபரிலேயே இறந்துபோனார். தான் ஒளிந்திருந்த குழி இருந்த ஊரில், அதிகாரியாகக் காரில் போய்வந்த அந்த வருஷங்களில் அவர் என்ன நினைத்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

கடைசியில் மே 18 அன்று மேடு விழுந்தது. விழவைத்தது வீரம் மட்டும் என்று சொன்னால் என் தொழில்புத்தி ஒத்துக்கொள்ளாது. அதற்கு முந்தைய நாட்களிலேயே பக்கத்து மேடுகளின் மேல் அழுத்தம் போட்டு, அங்கிருந்து வரும் சூட்டைக் குறைத்திருந்தார்கள். பிறகு டாங்கிகளை இரண்டு பக்கமும் சுற்றி அனுப்பி, மேட்டின் முதுகையே சுடவைத்தார்கள். அதில் சில டாங்கிகள் கண்ணிவெடியில் போயின. ஆனால் சுரங்க வாய்களிலிருந்து வெளியே வந்தவர்கள் முதல்தடவையாக நேர் சூட்டில் மாட்டினார்கள். 29வது படைப்பிரிவின் டி கம்பெனி மேலே ஏறியது, அப்புறம் இறங்கவில்லை. அரைநிலாவை மட்டும் கடைசிவரை முழுசாகப் பிடிக்க முடியவில்லை. அதன் வடக்குப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, மற்றவர்கள் தெற்கே நாஹாவுக்குள் இறங்கினார்கள். நாஹாவில் பிடிக்க என்ன இருந்தது? முந்தைய வருஷம் அக்டோபர் 10 விமானத் தாக்குதலிலேயே நகரத்தில் பத்தில் ஒன்பது பங்கு எரிந்துபோயிருந்தது.

மே 29 அன்று ஷூரி கோட்டைக்குள் மரைன்கள் நுழைந்தார்கள். முதலில் ஏற்றிய கொடி அமெரிக்கக் கொடிகூட இல்லை. யாரோ ஒரு தென் மாநிலத்துக்காரர் உள்நாட்டுப் போர்க்கால அடிமை மாநிலங்களின் கொடியைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அதை ஏற்றினார்கள். ஒகினாவாக்காரர்களின் அரண்மனைச் சிதிலத்தில் ஜப்பான் போய் இது வந்தது.

அமெரிக்கப் பக்கத்துக் கதைகள் பெரும்பாலும் இங்கே, மேடு பிடிபட்டதோடு, மூச்சு விடுகின்றன. எனக்கு அங்கேதான் இடிக்கிறது. உஷிஜிமாவின் படை ஷூரியில் சரணடையவில்லை. மே கடைசி மழையில், மூட்டத்தை மறைவாக வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த சுமார் 30,000 பேரோடு தெற்கு முனையிலிருக்கும் மாபுனிக்கு நழுவியது. அங்கே ஏற்கெனவே பல்லாயிரக்கணக்கான ஊர்ஜனங்கள் குகைகளில் ஒளிந்திருந்தார்கள். படைவீரனும் குழந்தை வைத்திருப்பவளும் ஒரே குகைக்குப் போட்டி போட வேண்டிய நிலை. குகையிலிருந்து துரத்தப்பட்டவர்கள் உண்டு. அழுத குழந்தையை அடக்கச் சொல்லி மிரட்டப்பட்டவர்கள் உண்டு. நர்ஸ் வேலைக்கென்று கூட்டிப்போகப்பட்ட, ஹிமெயுரி என்று அழைக்கப்படும் பெண்கள் பள்ளி மாணவிகளும் ஆசிரியர்களும் 240 பேர். அவர்களில் 136 பேர் உயிரோடு திரும்பவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இறந்தது ஜூன் மாதத்தில், படை அவர்களை 'கலைந்து போகலாம்' என்று வெளியே அனுப்பிய பிறகு.

யஹாராவின் அவகாசக் கணக்கு என்று சொன்னேனே, அதன் விலை இதுதான். மாகாண அரசின் கணக்கில் பொதுமக்கள் சுமார் 94,000 பேர், படையில் சேர்க்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள் 28,228 பேர். ஒகினாவா ஜனத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் செத்தார். சுகர் லோஃபில் ஒரு வாரம் தாக்குப்பிடித்தது ராணுவப் பாடமாக இன்றைக்கும் பேசப்படுகிறது. பின்சரிவுத் தற்காப்பு என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்பதும் உண்மைதான். ஆனால் அப்படி வாங்கிய ஒவ்வொரு நாளையும் இந்தத் தீவுதான் கட்டியது.

ஊர்க்காரர்கள் இந்த மேட்டுக்கு வைத்திருந்த பெயர் வேறு. இங்கே ஏறினால் மேற்கே கெராமாத் தீவுகள் தெரியும் என்பதால் கெராமாவை வைத்தே அழைத்தார்கள். ஒகினாவாச் சண்டை தொடங்கியதே அந்தத் தீவுகளில்தான்: மார்ச் 26 அன்று. அதில் தொகாஷிகி என்ற தீவில், எதிரி கையில் சிக்கினால் சித்திரவதைதான் என்று நம்பவைக்கப்பட்ட முன்னூறுக்கும் மேற்பட்ட ஜனங்கள், குடும்பம் குடும்பமாக உயிரை விட்டார்கள். படையே அவர்களிடம் கையெறிகுண்டு கொடுத்திருந்தது. இதைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் எப்படி எழுதுவது என்று 2007ல் ஜப்பானில் பெரிய சண்டை. படையின் பங்கை நீக்கப் பார்த்தார்கள், ஒகினாவாவில் ஜனம் திரண்டு எதிர்த்தது.

போருக்குப் பிறகு மேட்டைச் சுற்றியிருந்த வயலும் வீடும் திரும்பக் கிடைக்கவில்லை. ஐம்பதுகளில் அமெரிக்க ராணுவம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டு தன் குடும்பங்களுக்கு வீடு கட்டியது. புல்வெளியோடு தனித்தனி வீடுகள். வேலிக்கு இந்தப் பக்கம் நாஹா ஜனங்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். 1987ல்தான் முழுவதும் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் மேல் எழுந்ததுதான் இன்றைய புதுநகரம்: மால், அலுவலகங்கள், 2003ல் ஓடத் தொடங்கிய மோனோரயில், 2007ல் திறந்த மாகாண அருங்காட்சியகம். மேட்டின் பெரும்பகுதியைச் சீவிவிட்டார்கள். மிஞ்சிய துண்டின் மேல் நகரக் குடிநீர்த் தொட்டி.

நிலத்தைத் தோண்டினால் போர் வெளியே வரும் என்பது இந்த ஊரில் உவமை இல்லை. அரைநிலா மேடு இருந்த மகாபிப் பகுதியில் சாலைக்காகவும் மனைக்காகவும் வேலை நடந்தபோது, குஷிகென் தகாமாத்சு என்பவர் குறுக்கே வந்து நின்றார். பல பத்தாண்டுகளாகத் தன் கைக்காசில் குகைகளில் எலும்பு தேடி எடுப்பவர். புல்டோசர் வருவதற்குள் கையால் தோண்டவேண்டும் என்று அரசை ஒப்புக்கொள்ள வைத்தார். 2009ல் வேலையில்லாதவர்களையும் தெருவில் தூங்கியவர்களையும் கூலிக்கு அமர்த்தி 172 பேரின் எலும்புகளை எடுத்தார்கள். சண்டை முடிந்து 64 வருஷம் கழித்து, ஷாப்பிங் மாலிலிருந்து நடக்கும் தூரத்தில். நான் போட்ட வரைபடங்களில் அஸ்திவாரத்துக்கு மண் பரிசோதனை என்று ஒரு கட்டம் வரும்; தாங்குதிறன், களிமண்ணின் அளவு இதெல்லாம் எழுதுவோம். மண்ணில் மனிதர் இருந்தால் எழுத அதில் இடம் கிடையாது.

குஷிகெனின் இப்போதைய சண்டை இன்னும் பெரிது. தீவின் வடக்கே ஹெனோகோவில் அமெரிக்க விமானத் தளத்துக்காகக் கடலை நிரப்புகிறார்கள். அதற்கான மண்ணைத் தெற்கிலிருந்து, அதாவது 1945 ஜூனில் ஜனங்கள் செத்துக் கிடந்த இதோமான் பக்கத்திலிருந்தும் எடுக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் திட்டம் வைத்தது. எலும்பு கலந்த மண்ணை ராணுவத் தளத்துக்கு அடியில் போடாதீர்கள் என்று 2021 மார்ச்சில் மாகாண அலுவலகத்தின் முன்னால் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். தளம் வேண்டும் என்பவர்களில்கூடச் சிலர் இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் சாய்ந்தார்கள்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஓமோரோமாச்சி நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். தொட்டியைக் குறி வைத்து நடந்தால் வழி தவறாது. படியேறினால் மேலே ஒரு சின்னப் பார்வை மேடையும், ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் சண்டையைப் பற்றிச் சுருக்கமாக ஒரு பலகையும் இருக்கின்றன. கிழக்கே ஷூரியின் உயரம் எந்தத் திசை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் இங்கே ஏன் நிற்க முடியாமல் போனது என்பது புரியும். பிறகு ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே மகாபிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வீடுகளும் கடைகளும்தான், ஆனால் முக்கோணத்தின் இன்னொரு முனை அதுதான். மே மாதம் போவதானால் குடை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே அது மழைக்காலம். எங்கள் வீட்டுக்காரர் முதல் தடவை பாதிப் படியில் நின்று, "இதுக்காடீ இவ்வளவு தூரம்?" என்றார். மேலே வந்த பிறகு பலகையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் இறங்கினார்.